பையன் ஒரு மாதிரி

பணி ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரகடத்துக் கம்பெனியில் எங்களை ஏசி அறையில் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுத்தார்கள். 'குயர்' என்ற சொல்லைத் திரையில் போட்டு, முதலில் அதற்கு விசித்திரம் என்று பொருள், அப்புறம் அது எங்களைப் போன்ற தன்பால் விரும்பிகளுக்கு வசவாயிற்று, இப்போது நாங்களே எடுத்துச் சூடிக்கொண்டோம் என்றாள் வகுப்பெடுத்த பெண். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், எரிச்சலோடு. என்னைச் சொன்ன சொல்லை இதுவரை யாரும் சூடிக்கொண்டதாகத் தெரியவில்லை.

என்னைச் சொன்னது 'ஒரு மாதிரி' என்று. 1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அங்கே எதுவும் ஒரு மாதிரி ஆகலாம். கேன்டீன் சாம்பார் ஒரு மாதிரி இருக்கும், மிஷின் ஒரு மாதிரி சத்தம் போடும், காய்ச்சலுக்கு முன்னால் உடம்பு ஒரு மாதிரி இருக்கும். 'ஒம்போது', 'பொட்டை' எல்லாம் கம்பெனி பஸ்ஸில் கத்துகிற சொற்கள். அதற்குச் சட்டையைப் பிடிக்கலாம். இதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், சொன்னவன் நல்லவனாகவே இருப்பான்.

அதை என்மேல் போட்டவன் பக்கத்து மிஷினில் நின்றவன். எனக்கு உயிர். குன்றத்தூரில் அவன் எடுத்திருந்த அறையில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கழிந்தன. எங்களுக்குள் இருந்ததற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பவர்கள் ஜாதகத்தைவிடக் கம்பெனி வாசல் டீக்கடையைத்தான் நம்புவார்கள். ஷிப்ட் விடும் நேரம் வந்து நின்று, யூனிபார்ம் போட்ட யாரையாவது பிடித்து, பையன் எப்படி, குடி உண்டா, வேலை பர்மனென்ட்டா என்று விசாரிப்பார்கள். அம்மா எனக்குப் பார்த்த பெண்ணின் மாமா வந்தபோது அகப்பட்டவன் அவன்.

"பையன் தங்கம். குடி கிடி ஒண்ணும் கெடையாது. ஆனா ஒரு மாதிரி" என்றானாம்.

தரகர் அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்துவிட்டார். மண்ணூரில் எங்கள் வீட்டில், சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஒரு மாதிரின்னா இன்னாடா? ஒடம்புக்கு எதுனா கீதா? சொன்னா டாக்டராண்ட போய்க்கலாம்." தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் பஸ்ஸில் அவனைக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் சொல்லலன்னா நீ கண்ணாலம் பண்ணிக்கினு பூடுவ. அப்புறம் எனக்கு யார் கீறாங்க?" என்றான்.

கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. அந்தச் சொல் ஊருக்குள்ளும் வந்து சேர்ந்தது. பெண் கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். கடைக்குப் போனால் பேச்சு நின்றது, அம்மா கல்யாணம் காட்சிக்குப் போவதையே விட்டுவிட்டாள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். இத்தனை செய்தவன் என்னை விட்டுப் போக மாட்டான் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். சரியான முட்டாள் நான்.

அந்த வருடம் முடிவதற்குள், ஒரு சாயங்காலம் டீக்கடையில் வேட்டி கட்டிய இரண்டு பேர் நேராக என்னிடம் வந்தார்கள். அவன் பெயரைச் சொல்லி, "எங்க பொண்ணுக்குப் பாத்துக்கினு கீறோம். பையன் எப்பிடி தம்பி?" என்று கேட்டார்கள்.

அவன் என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. டீ கையில் சுட்டது. அவன் சொன்னதையே நான் சொன்னால் போதும், இவர்கள் வந்த வழியே போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே இருக்கும். சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல்லோடு தெருவில் நடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அவன் அப்படி நடப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"நல்ல பையன். தாராளமா குடுக்கலாம்" என்றேன்.

இருவரில் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தத் தம்பியேதான் ஒங்களக் கேக்கச் சொல்லிச்சு. தன்னப்பத்தி ஒங்களவிடத் தெரிஞ்சவங்க யாரும் கெடையாதுன்னுச்சு."

என் டீக்கும் சேர்த்து அவர்களே காசு கொடுத்துவிட்டுப் போனார்கள்.