அடையை மாத்திரு

புஷ்பமேரிக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான். வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலைக்குள் இருக்கும் அந்தத் தொழிலாளர் லயத்தில் அவள் குரல் கேட்காமல் விடிந்த நாள் குறைவு. முப்பத்துமூன்று வருஷமாகக் கொழுந்து எடுக்கிறாள். கணக்கப்பிள்ளை முதல் பக்கத்து வீட்டு ஆடு வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் கிடையாது.

ஆனால் இந்த ஐப்பசியில் அவளுக்கு வந்த கோபம் வேறு. வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒரே வாரத்தில் அவளுடைய இருபத்திரண்டு கோழிகளில் இருபத்தொன்றை வாரிக்கொண்டு போனது. கழுத்து திருகிக்கொண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் சேவலும் போனது. அதைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளியபோது அவள் அழவில்லை, வைதாள். யாரை வைகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வேற கோழி வாங்கிக்கலாம்மா" என்றான் மகன் பிஜு. அவன் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"வாங்குவலே, வாங்குவ. எங்கம்மா கல்யாணத்துக்குக் கூடையில வச்சுக் குடுத்த கோழி வழி வந்ததுல இதுவ. சந்தையில விக்கிறானோ அத?"

புருஷன் சுவக்கீன் செத்த வருஷமும், எஸ்டேட் பூட்டிக் கிடந்த வருஷமும் அந்த வீட்டில் குழம்பு கொதித்தது இந்தக் கோழிகளால்தான். அது பிஜுவுக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது!

மிஞ்சியது ஒரு செவலைக் கோழி. கிழடு தட்டிவிட்டது, இதுதான் அதற்குக் கடைசி முட்டை ஈடு. சேவல் இருந்தபோது இட்ட பதினோரு முட்டைகளைத் தவிட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். செவலை அடைக்குப் படுத்ததும், பழைய கொழுந்துக் கூடையில் வைக்கோல் பரப்பி, இடிக்கு முட்டை கெடாமலிருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அடை வைத்தாள். இது பொரித்தால் வம்சம் உண்டு. இல்லையென்றால் முடிந்தது.

பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கச் சாய்ப்பில் தகரம் ஒழுகி, கூடையின் ஓரத்தில் சொட்டியது. வேலைக்கு நேரமாகிவிட்டது. தலையில் சாக்கை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏட்டி டின்டு! அந்தக் கோழிக்கு அடைய மாத்திரு, என்ன? மறந்துராத!"

டின்டு மருமகள். கட்டப்பனைக்காரி, மலையாளி. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. தமிழ் அரையும் குறையுமாகப் புரியும். மாமியாரைக் கண்டால் பயம், அதனால் சொன்னதைத் திருப்பிக் கேட்க மாட்டாள். புஷ்பமேரி சொன்னது, அடையைக் கூடையோடு அடுப்படிக்கு மாற்று என்று. டின்டு பிறந்த ஊரில் அடையை மாற்றுவது என்றால், கோழி படுப்பதையே நிறுத்துவது. சீக்கிரம் மறுபடி முட்டையிட வேண்டுமென்று அவள் அம்மா செய்வதைப் பார்த்திருக்கிறாள். பத்து மணிக்குச் செவலையைப் பிடித்து வாளித் தண்ணீரில் மூன்று முக்கு முக்கினாள். காலில் கயிறு கட்டி வாசலில் விட்டாள். முட்டைகளைத் துடைத்து அடுக்களையில் வைத்தாள்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த புஷ்பமேரி, வாசலில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த கோழியைப் பார்த்தாள். சாய்ப்பில் வெறுங்கூடையைப் பார்த்தாள்.

"அடிப் பாவி மட்ட! ஏ குடும்பத்தையே அழிச்சிட்டியேட்டி! எங்கட்டி இருக்க?"

டின்டு கட்டிலில் கம்பளியை இழுத்து மூடி, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மாமியார் வந்து நிற்கிறாள், எழுந்திருக்கவில்லை. புஷ்பமேரிக்குக் கண்மண் தெரியவில்லை.

"கோழியக் கொன்னுட்டுக் கட்டில்ல படுத்திருக்கியோ மகாராணி? எந்திரிட்டி!"

"எழுந்தா தணுத்துப் போகும், அம்மச்சி."

"என்னது குளுந்து போகும்?"

டின்டு கம்பளியைக் கொஞ்சம் விலக்கினாள். வயிற்றோடு அணைத்த துண்டுக்குள் பத்து முட்டைகள் இருந்தன. அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

மத்தியானம் பிஜுவுக்கு ஆம்லெட் போட ஒரு முட்டையை உடைத்திருக்கிறாள். உள்ளே குஞ்சு அசைந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஓடிப்போய் செவலையைத் தூக்கி வந்து முட்டைமேல் வைத்தாள். அது உதறிக்கொண்டு இறங்கிவிட்டது. திரும்பத் திரும்ப வைத்தாள், படுக்கவே இல்லை. கடைசியில் தானே படுத்துவிட்டாள். பன்னிரண்டு மணியிலிருந்து சோறு தண்ணீர் இல்லை.

புஷ்பமேரி ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டது.

"கிறுக்கச்சி" என்றாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. "சொன்னது வெளங்கலைன்னா கேக்கக்கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா? போ, போய்க் கஞ்சி குடி. நவுரு, நான் படுக்கேன்."

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. மாமியாரும் மருமகளும் மாறி மாறிப் படுத்தார்கள். மாறும்போதெல்லாம் புஷ்பமேரி வைதாள்: துண்டு சரியில்லை, கம்பளி சரியில்லை, கட்டப்பனையே சரியில்லை. பிஜு எட்டிப் பார்த்துச் சிரித்ததற்கு அவனுக்கும் கிடைத்தது.

ஞாயிறு பூசைக்கு மணி அடித்தது. புஷ்பமேரி பூசை தவறியதே இல்லை, அன்று போகவில்லை. பூசை முடிந்து திரும்பிய பெண்கள், என்னவோ ஏதோ என்று வாசலில் வந்து நின்றார்கள். கட்டிலில் படுத்திருந்தவள் டின்டு. பக்கத்து வீட்டு மாரீஸ்வரி விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நல்ல மருமகதான் பிடிச்சிருக்க, மேரியக்கா. அடக்கோழியத் தண்ணில முக்கினவ! எங்க வீட்டு மருமகளா இருந்தா அன்னைக்கே கட்டப்பனைக்கு வண்டி ஏத்திருப்பேன்."

டின்டு தலையைத் தாழ்த்திக்கொண்டாள். கம்பளிக்குள் ஏதோ கொத்துகிற சத்தம் வந்தது. அவள் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

புஷ்பமேரி மாரீஸ்வரியைப் பார்த்துத் திரும்பினாள். மூன்று நாள் கோபமும் மொத்தமாகக் கிளம்பி வந்தது.

"சொன்னவ நான். தப்பாச் சொன்னவளும் நான். நீ செத்துக் கெடந்தா ஒன் மருமக ஒரு மணி நேரம் ஒம் பக்கத்துல உக்காருவாளாட்டி? எம்புள்ள ஒரு கோழிக்காவ பட்டினி கெடந்து படுத்திருக்கா. சிரிக்கிறதுன்னா ஒங்க வீட்டு வாசல்ல போயிச் சிரிங்க!"

கதவை அறைந்து சாத்தினாள். பிறகு கட்டிலருகே மண்டியிட்டு, குளிர் புகாமல் கம்பளியை ஒரு விரல்கடை மட்டும் தூக்கினாள்.

"அசையாத, மக்ளே" என்றாள்.