ஏகாதசி விரதம் இருந்த நாய்

நாய் மாமிச ஜாதியா, எதையும் தின்கிற ஜாதியா என்று எங்காத்துக்காரரும் அவருடைய ஆபீஸ் சிநேகிதரும் ஒரு வருஷம் சண்டை போட்டார்கள். இவர் ஸ்ரீரங்கம், அவர் காட்டூர்க் கிறிஸ்தவர். பொன்மலையில் ரயில்வே ஆபீஸ். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் இதே பேச்சுதானாம்.

“நாலு கோரைப் பல்லு எதுக்கு சார் இருக்கு? தயிர் சாதத்தைக் கடிக்கவா?” என்பாராம் அவர்.

“எங்காத்து நாயை வந்து பாரும் ஓய். முருங்கைக்காய்ச் சக்கையைக்கூட விடாது. ஏகாதசிக்கு விரதம் வேற இருக்கு!” என்பாராம் இவர். சாயங்காலம் சட்டையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் பெருமையாகச் சொல்வார். நான் காபி ஆற்றுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

கல்யாணமாகி வடக்கு உத்தர வீதிக்கு நான் வந்த வருஷமே அந்த நாயும் வந்தது. ஐம்பதுகளின் கடைசி. காது மடங்கின பழுப்புக் குட்டி, மழைக்குக் கொல்லையில் ஒதுங்கி அப்படியே தங்கிவிட்டது. என் மாமியார் விரட்டவில்லை. ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். “மீன், எலும்புன்னு ஏதாவது வாயில வச்சுண்டு வந்துதோ, அன்னிக்கே வெளியில. பெருமாள் அமுது செய்யற ஆத்துல அதெல்லாம் ஆகாது.”

அது பாவம், போட்டதைத் தின்றது. நாங்கள் சாத்தமுது என்கிற ரசம் விட்ட சாதம், தயிர் சாதம், வெண்டைக்காய்க் கறமது எல்லாம். தெருவே அதிசயப்பட்டது. ஏகாதசியன்று எங்காத்தில் அடுப்பு எரியாது. மாமியார் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார். நானும் அப்படியே. ஆத்துக்காரர் ஆபீஸ் கான்டீனில் என்ன பண்ணினாரோ, அது அவருக்கும் பெருமாளுக்கும்தான் வெளிச்சம். அன்றைக்கு நாயும் எதையும் கேட்காது. காலையில் எழுந்து கொள்ளிடத்துப் பக்கம் போகும், சாயங்காலம் நனைந்து திரும்பி வரும்.

“ஸ்நானம் பண்ணிட்டு வரான் பாரு. போன ஜன்மத்துல யாரோ மகான்!” என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஒரு ஏகாதசிக்குக் கொள்ளிடத்தில் குளிக்கப் போனேனே, மகானை நேரிலேயே பார்த்துவிட்டேன். மீன்பிடிக்கிறவர்கள் குடிசைக்கு முன்னால் சப்பணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்தது. ஒரு அம்மாள் மீன் ஆய்ந்துகொண்டே தலையும் வாலுமாக வீச, இது கீழே விழவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

“உங்க வூட்டு நாயாம்மா? பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா தவறாம வந்துடுதுங்க. நடுவுல வராது. என்ன கணக்கோ!” என்றாள் அந்த அம்மாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடப் பாவி! காதைப் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்துப் போய், மண்ணைப் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி வாயைத் தேய்த்தேன். சனியன், வாலை ஆட்டுகிறது! கோபம் அத்தனையும் பயமாக மாறிவிட்டது. மாமியாருக்குத் தெரிந்தால் இது தெருவில்தான். அந்த ஆத்தில் என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட இது ஒன்றுதான் இருந்தது. வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு பண்ணினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஏகாதசியும் சாயங்காலம் வாசனை பார்த்து, மூஞ்சியை அலம்பி, மகானை உள்ளே அனுப்புவது என் வேலையாயிற்று.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிய்த்து உதறிவிட்டது. கொள்ளிடத்தில் இரண்டு கரையும் முட்டி வெள்ளம். மீன்காரர்கள் குடிசையைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார்கள். ஏகாதசியன்று காலையில் போன நாய் அரைமணியில் திரும்பி வந்து, கொல்லைக் கதவைப் பிராண்டிக்கொண்டு அழ ஆரம்பித்தது. மத்தியானம் வரைக்கும் ஓயவில்லை.

மாமியார் கையில் துளசி மாலையோடு எழுந்து வந்தார். “இத்தனை நாள் சமர்த்தா விரதம் இருந்துதே. இன்னிக்கு என்ன வந்துது இதுக்கு? உடம்பு சரியில்லையோ?”

எனக்கும் காலையிலிருந்து தலை சுற்றல். எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது. “விரதமாவது ஒண்ணாவது! நாம போடறதில்லைன்னு கொள்ளிடக்கரையில போய் மீன் தின்னுண்டிருந்தது. இன்னிக்கு வெள்ளம். பசிக்கறது, கத்தறது.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு. ஓடிப்போய் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் கொல்லைப்படி இறங்கி வந்தார். நாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்போ இத்தனை நாளும் இது விரதம் இருக்கலை. நாமதான் பட்டினி போட்டிருக்கோமா?” என்றார்.

அவர் மாலையை மாடத்தில் வைத்தார். நேரே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். ஏகாதசியில் அந்த ஆத்துக் கூரையில் புகை வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏகாதசியில் தான் தொடக்கூடாத அரிசியைக் களைந்து, வடித்து, தயிர் விட்டுப் பிசைந்து, ஆறவைத்துக் கொண்டுவந்து இலையில் போட்டார். “மீனுக்கு நான் எங்கே போவேன்? இதைத் தின்னு” என்றார்.

தின்றதே! இலையையும் சேர்த்துத் தின்னாததுதான் பாக்கி. காட்டூர்க்காரரும் எங்காத்துக்காரரும் அங்கே இருந்திருந்தால் ஒரு வருஷத்துச் சண்டை அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும்.

மாமியார் அது தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“ஏண்டி, உனக்கும் பசிக்குமா?”

“பசிக்கும்மா” என்றேன். அழுகை வந்துவிட்டது.

மறுபடி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ரவை வறுபடுகிற வாசனை வந்தது.