பருத்தி முளைத்த அம்பாசிடர்

ரோசலின் டீச்சர் எங்கள் கடை மேஜை மேல் ஒரு பருத்திச் செடியை வைத்தார். சின்னச் செடிதான், இரண்டு இலை விட்டிருந்தது. வேரில் ஈரப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அது அவர் காருக்குள் முளைத்த செடி. பின் சீட்டில் அவர் கால் வைக்கும் இடத்தில், ரப்பர் மேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சந்தில் தலையை நீட்டியிருக்கிறது.

"அண்ணாச்சி, ஆட்டத்தக் கொறைச்சுத் தாங்கன்னுதான் வண்டிய விட்டேன். வெள்ளாமை பாக்கச் சொல்லல" என்றார்.

அண்ணாச்சி என்றால் என் முதலாளி, முத்தையா அண்ணாச்சி. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் கார் குஷன் கடை வைத்திருந்தார். சீட் கவர், டாப் துணி, கதவு அட்டை, தரை மேட் எல்லாம் செய்வோம். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நான் அந்தக் கடையில் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருந்தேன். அண்ணாச்சியிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும்; அது கேட்ட கேள்விக்கான பதிலா என்பது வேறு விஷயம். செடியைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல ரகந்தான் டீச்சர்" என்றார். நான் பசை டப்பாவைத் தேடுவதுபோல் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

டீச்சர் சிரிக்கிற நிலைமையில் இல்லை. அவருக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. தினமும் காரில்தான் வருவார், போவார். கார் ஓட்டுகிறவர் அவர் கணவர் தாமஸ் சார், போஸ்ட் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். பெட்ரோல் விலை ஏறியதும், ஊரில் பாதிப் பேர் செய்ததுபோல, சாரும் அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஒரு பழைய வேனின் டீசல் இன்ஜினை மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் அப்போது அது காய்ச்சல் மாதிரிப் பரவியிருந்தது. மைலேஜ் நன்றாகக் கிடைத்தது. ஸ்டார்ட் பண்ணினால் கதவு, கண்ணாடி, டாஷ்போர்டில் இருந்த மாதா சொரூபம் எல்லாம் சேர்ந்து ஆடின.

அந்த வருஷம்தான் டீச்சருக்கு மதுரையில் முதுகுத் தண்டில் ஆபரேஷன் நடந்தது. உட்காரலாம், நடக்கலாம், உடம்பு குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். பஸ்ஸைப் பற்றிப் பேச்சே வேண்டாம். காரில் வந்தும் வலி நிற்காமல் போகவே, அரைப் பரீட்சை லீவு வரைக்கும் பார்ப்போம், அப்புறமும் இப்படியே இருந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னாராம். டீச்சருக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் இருந்தது. தனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் முந்திக்கொண்டு போனதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கிடைத்த நாற்காலி அது. அடுத்து யாரை உட்கார வைப்பது என்று, பள்ளிக்கூடத்தை நடத்துகிற கரஸ்பாண்டென்ட் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

இதெல்லாம் எங்களுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதான் வண்டிக்குள் பஞ்சை அடைத்தோம்.

முதல் வைத்தியம்: பஞ்சு

ராஜபாளையத்துக்காரன் எந்தச் சிக்கலுக்கும் முதலில் பஞ்சைத்தான் எடுப்பான். காதுவலிக்குப் பஞ்சு, காயத்துக்குப் பஞ்சு, சீட் அமுங்கினால் பஞ்சு. அண்ணாச்சியின் மச்சினர், பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கிற ஒரு ஜின்னிங் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அங்கே கழித்துப் போடுகிற பஞ்சு சாக்குச் சாக்காக வரும். கொட்டையும் தூசியும் கலந்த பஞ்சு. அதைத் தரை மேட்டுக்குக் கீழே, கதவுகளுக்குள்ளே, பின் சீட்டுக்குப் பின்னாலே என்று கை நுழைகிற இடமெல்லாம் திணித்தோம்.

சத்தம் குறையத்தான் செய்தது. கதவைச் சாத்தினால் புது வண்டி மாதிரி 'டப்' என்றது. அண்ணாச்சி அதைத் திறந்து திறந்து சாத்திக் காட்டி, போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது என்று டீச்சர் வந்து சொன்னார். பழகினால் சரியாகிவிடும் என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பிவிட்டார்.

பொறவு ஐப்பசி மழை வந்தது. கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, பஞ்சு முழுவதும் குடித்தது. வண்டிக்குள் ஏறினால் நனைந்த நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்த நாற்றம். அந்த ஈரத்தில்தான் கொட்டை முளைத்தது. செடி வந்த அன்றைக்கே நான் பஞ்சையெல்லாம் தோண்டி எடுத்தேன். அன்னக்கூடை அன்னக்கூடையாக வந்தது. கீழே தரைத் தகடு துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது.

இரண்டாவது வைத்தியம்: தெர்மோகோல்

இதை அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஐஸ் பெட்டியில் தெர்மோகோலைப் பார்த்த அண்ணாச்சி, குளிரை நிறுத்துவது ஆட்டத்தை நிறுத்தாதா என்று கேட்டார். வெட்டி வெட்டிச் சொருகினோம். தகரத்தில் உரசி ஒவ்வொரு பள்ளத்திலும் 'கீச்' என்றது. வண்டிக்குள் எலி புகுந்துவிட்டது என்று தாமஸ் சார் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

கேட் மூடியிருந்தது

லீவு விட இன்னும் சில நாள்தான் இருந்தது. அண்ணாச்சி மூன்றாவது யோசனைக்கு வந்தார். மொட்டை மாடி ஒழுகாமல் இருக்க ஒட்டுகிற தார் ஷீட்டை, கூரை, டிக்கி, பானெட் என்று வண்டி முழுக்க ஒட்டிவிடலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் ஸ்டூலில் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"அது இதுன்னு ஒட்டுதீய. ஒரு நாளாச்சும் யாராவது என் எடத்துல உக்காந்து பாத்தியளா?" என்று கேட்டார்.

ஒருவரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நாங்கள் தாமஸ் சாரிடம்தான் கேட்டோம். ஏனென்றால் வண்டி அவருடையது, ஓட்டுகிறவரும் அவர். அவரும் ஒவ்வொரு தடவையும் ஆட்டமா, அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்பார். சார் கொஞ்சம் குள்ளம். ரோடு தெரிய வேண்டும் என்று டிரைவர் சீட்டுக்கு நாங்களே இரண்டு அடுக்கு ஃபோம் வைத்துக் கொடுத்திருந்தோம். அதற்கு மேல் ஒரு தலையணையும் போட்டுக்கொள்வார். அந்தச் சிம்மாசனத்தில் இருப்பவருக்கு என்ன தெரியும்?

அண்ணாச்சி என் பக்கம் குனிந்து, "ஏலே, நாம காதுக்கு மருந்து போட்டுருக்கோம். ஆட்டம் குண்டில வருதுலே" என்றார். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைப்பு.

"அதத்தான் அண்ணாச்சி நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். மரியாதையாச் சொன்னதுனால ஒங்களுக்கு வெளங்கல" என்றார் டீச்சர்.

டீச்சருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துக் கடையில் இருக்கச் சொல்லிவிட்டு, நான் வண்டியை எடுத்தேன். அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்தார். தாமஸ் சாரை, தலையணை இல்லாமல், பின்னால் டீச்சர் இடத்தில் உட்கார வைத்தேன். வண்டி ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சார் மைலேஜ் கணக்கைப் பேசிக்கொண்டே வந்தார். ரயில்வே கேட்டுக்கு வந்தோம். மூடியிருந்தது.

நான் சாவியைத் திருப்பப் போனேன். சார் வேண்டாம் என்றார். செல்ஃப் வீக்காம், பேட்டரியும் பழசாம். ஆஃப் பண்ணினால் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்றார். தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். தினமும் பள்ளிக்கூடத்துக்கு வருகிற நேரம்தான் ரயில் நேரமும், கேட் திறக்கிறவரை இன்ஜினை ஓட விட்டுத்தான் நிற்பது என்றார்.

அன்றைக்கும் ரயில் வந்தபாடில்லை. நின்ற இடத்தில், ஐடிலில், அந்த இன்ஜின் உலுக்கிய உலுக்கு இருக்கிறதே, ஓடும்போது இருந்தது அதில் கால் பங்குகூட இல்லை. மைலேஜ் பேசிக்கொண்டிருந்தவரின் குரல் துண்டு துண்டாக வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கிவிட்டது. இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகில் ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை.

"ஆஃப் பண்ணுப்பா" என்றார்.

"தள்ளணுமே சார்."

"நான் தள்ளுதேன். நீ மொதல்ல ஆஃப் பண்ணு."

கேட் திறந்ததும் அவரும் அண்ணாச்சியும்தான் தள்ளினார்கள். கடை வந்து சேர்ந்தோம். சார் இறங்கி நேராக டீச்சரிடம் போனார்.

"இதுலயா ரோசி நீ தெனமும் வந்த?"

"நான் ஒங்ககிட்டச் சொல்லாத நாள் உண்டா?"

அந்த மனுஷன் நின்ற நிலையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபமும் இருந்தது. அந்தக் கோபத்தில் பாதி எங்கள் மேலேதான்.

கீழே படுத்துப் பார்த்தது

வண்டியை ஐடிலில் ஓட விட்டு, சாக்கை விரித்துக் கீழே படுத்தேன். பத்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. இன்ஜினை மாட்டிய புண்ணியவான், அதைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பருக்குப் பதிலாக லாரி டயரை வெட்டி வைத்து, கல் மாதிரி முறுக்கி வைத்திருந்தான். சைலன்சர் பைப்பை அதைவிட அழகாக, பின் சீட்டுக்கு நேர் கீழே தரைத் தகட்டோடு இரும்பு கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தான். கிளாம்பில் கை வைத்தேன், முழங்கை வரை விறுவிறுவென்று ஏறியது. இன்ஜினின் ஆட்டம் எங்கேயும் நிற்காமல், அந்தப் பைப் வழியாக நேரே டீச்சர் இடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மேலே உட்கார்ந்து பஞ்சு அடைத்திருக்கிறோம்.

எதிர்ப் பட்டறை மெக்கானிக் சரியான மவுண்டிங் ரப்பர் வாங்கி மாற்றினார். சைலன்சரை ரப்பர் பட்டையில் தொங்க விட்டார். செல்ஃபைக் கழற்றிச் சரி பண்ணினார். புதுப் பேட்டரியை தாமஸ் சாரே கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பொறவுதான் எங்கள் வேலையே. துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தேன். தரைத் தகட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். 'டங்' என்று பாடுகிற இடத்தில் மட்டும் தார் ஷீட்டை ப்ளோ லாம்ப் தீயில் சூடு காட்டி, தகட்டோடு தகடாக அமுக்கி ஒட்டினேன். 'டக்' என்று வாயை மூடிக்கொள்கிற இடத்தை விட்டுவிட்டேன். அதற்கு மேல் சணல் ஃபெல்ட், அதற்கு மேல் மேட். கூரைக்கும் பானெட்டுக்கும் போகவே இல்லை.

இப்போது கார் கடைகளில் பையன்கள் வெள்ளித்தாள் போட்ட ஷீட்டை வண்டி முழுக்கச் சுவரொட்டி மாதிரி ஒட்டுவதைப் பார்க்கிறேன். கேட்டால் சவுண்ட் ப்ரூஃப் என்கிறான். தம்பி, தகரம் அதிர்ந்தால் கனமாக, ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று வேண்டும். காற்றில் வருகிற சத்தத்துக்கு ஃபெல்ட் மாதிரி மெத்தென்று ஒன்று வேண்டும். அது செய்கிற வேலையை இது செய்யாது. இரண்டுக்கும் முன்னால், ஆட்டம் எங்கே புறப்பட்டு எந்த வழியாக வருகிறது என்று பார். அதற்கும் முன்னால், கஷ்டப்படுகிற ஆள் உட்காரும் இடத்தில் போய் உட்கார். காசு கொடுக்கிறவர் சொல்வதை மட்டும் கேட்டு வேலை செய்தால் வண்டிக்குள் தோட்டம்தான் போடலாம். அண்ணாச்சி கடைசிவரை, தார் ஷீட் அவர் யோசனைதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இருந்துவிட்டுப் போகட்டும்.

லீவு முடிகிற சனிக்கிழமை டீச்சரை ஏற்றிக்கொண்டு போனோம். சார் ஓட்டினார். நான் முன்னால் இருந்தேன். ரயில் நேரம் பார்த்தே கிளம்பியதால் கேட் மூடித்தான் இருந்தது. நான் ஆஃப் பண்ண வேண்டாம் என்றேன். வண்டி ஐடிலில் நின்றது. டீசல் இன்ஜினை ஊமையாக்க யாராலும் முடியாது, கடகடவென்று முன்னால் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சார் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்து போனதும் நான் பின்னால் திரும்பினேன்.

"சத்தம் இன்னும் கேக்குதா டீச்சர்?" என்று நானே கேட்டேன்.

"சத்தம் கெடக்கு. இடுப்பு சும்மா இருக்குய்யா" என்றார். அப்புறம் சாரிடம், "ஏங்க, திங்கக்கிழம பெல் அடிக்கும்போது நான் அங்க இருப்பேன். கரஸ்பாண்டென்ட்கிட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்றார்.

கேட் திறந்துவிட்டது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.