அடிக்காமல் விட்ட தெரு

கடலோர நகராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு இணைத்த வாரம். இருபத்தெட்டு வருஷமாகப் பதிவறையைக் கட்டிக்காத்த எழுத்தர் அம்மாவிடம் புது அதிகாரி தெருப் பட்டியலை நீட்டினார்.

"கடல் கொண்டுபோன தெருவையெல்லாம் அடிச்சிடுங்கம்மா."

ஆறு தெருக்களை அடித்தவளுக்கு ஏழாவதில் கை ஓடவில்லை. அவள் வாழ்ந்த தெரு அது. புயலன்று வீட்டோடு போன புருஷன் இன்றுவரை கிடைக்கவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மறுமாதம் வீடுகளைக் கணக்கெடுக்கப் போன ஊழியர் நேரே பதிவறைக்கு ஓடிவந்தார்.

"அந்தத் தெருவைக் காணோம்மா! கரையில நின்னவர்கிட்ட கேட்டேன். 'அங்கதான் குடியிருக்கேன், வாங்க'ன்னு தண்ணிக்குள்ள நடந்தாரு. அப்புறம் ஆளே இல்ல."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ரொம்ப இளைச்சிருந்தாராப்பா?"