மடை திறப்புக்கு வைத்த வெடி

எங்கள் ஊர்க்காரன் புத்தி அது. சிவகாசியில் காது குத்தினாலும் சரவெடி, கடை திறந்தாலும் சரவெடி. அப்படியிருக்க, தாயில்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் தூர்ந்து கிடந்த பழைய கல்மடையை நண்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிறுதோறும் போய்த் தோண்டி, காரை பூசி, ஷட்டர் மாட்டி, தண்ணீர் திறக்கப்போகும் நாளில் வெடி இல்லாமலா? வாங்கிக்கொண்டு போனது நான்தான்.

அந்த ஊர் அக்கா ஒருவர் ஒரு ஞாயிறு விடாமல் எங்களோடு மண் சுமந்தார். மடைக்குக் கீழே முதல் வயல் அவருடையது. "தண்ணி பாஞ்சிருச்சுன்னா எம் மகளை வெடி வேலையில இருந்து நிப்பாட்டிருவேன் தம்பி. அவ போயிட்டு வார வரைக்கும் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது" என்பார். மகள் வேலை பார்த்த கம்பெனி, கண்மாய்க் கரையைத் தாண்டி, மடை இருந்த அதே திசையில்தான். அக்கா கையால்தான் ஷட்டரைத் திறப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

மழை பெய்து கண்மாய் பாதி நிறைந்தது. வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று குறித்தோம். அக்கா தேங்காய் பழம் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். ஊர்க்காரர் ஒருவரையும் காணோம். எனக்குப் பொறுக்கவில்லை. "சத்தம் கேட்டா ஊரே ஓடி வரும், பாருங்க" என்று சொல்லிக் கரைமேல் சரத்தை விரித்துத் திரியில் ஊதுபத்தியை வைத்தேன்.

ஓடித்தான் வந்தது. செருப்பில்லாமல், மாவு பிசைந்த கையோடு, அவிழ்ந்த கொண்டையோடு. எங்களை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனிப் பக்கமே ஓடினார்கள். முன்னால் அக்கா, மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ எம் புள்ள!" என்று.

ஞாயிறு கம்பெனிக்கு லீவு. இது வேலை நாள். அந்தத் திசையிலிருந்து வெடிச் சத்தம் கேட்டால் அந்த ஊருக்கு என்ன அர்த்தம் என்று, வெடிக்குள்ளேயே வளர்ந்த எனக்குத் தோன்றவில்லையே! "அக்கா, நாங்கதான் போட்டோம்!" என்று கத்தினேன். சரம் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. யாருக்குக் கேட்கும்?

கொஞ்ச நேரத்தில் மகளின் கையைப் பிடித்தபடி திரும்பி வந்தார். அந்தப் பெண்ணின் விரலெல்லாம் அலுமினியத் தூள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். ஏசியிருந்தால்கூடத் தேவலை. "நல்ல காரியத்துக்குத்தான தம்பி போட்டீக" என்றார்.

ஷட்டர் திருகைப் பிடித்தார். பிடி நிற்கவில்லை. "எனக்குக் கை ஓடல. நீங்களே தொறந்துருங்க தம்பி."

திறந்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. எங்கள் ஆட்கள் எனக்குக் கைதட்டினார்கள்.

"விடும்மா, எல்லாரும் வேலைக்குத் திரும்பிட்டாக. போர்மேன் ஏசுவாரு" என்றாள் மகள்.

"நீ போக வேண்டாம். அந்தா, தண்ணி வந்துருச்சு" என்றார் அக்கா. கையை விடவில்லை. நான் குனிந்து கரையில் சிதறிய வெடிக் காகிதங்களைப் பொறுக்கினேன்.