சங்கு கேட்காத பரீட்சை

நெய்வேலியில் எங்கள் பள்ளிக்கூடம் அப்போது தகரக் கொட்டகைதான். சுரங்கத்துப் பக்கமிருந்து காற்று வீசினால் பாதிப் பாடம் காதில் விழாது. ஆனாலும் எங்களுக்கு அங்கேதான் படிப்பு ஓடியது. பன்னிரண்டு மணிக்கு மைன்ஸ் சங்கு ஊதும். பரீட்சை முடிய இன்னும் அரை மணி என்று அர்த்தம். உடனே அல்ஜீப்ராவை விட்டு ஜியாமெட்ரிக்குத் தாவிவிடுவோம். கைக்கடிகாரம் யாரிடம் இருந்தது!

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை விருத்தாசலத்தில் எழுதினோம். ஓட்டுக் கட்டடம், வேப்பமரம், அப்படியோர் அமைதி. கணக்கு முதல் தாளில் சங்குக்காகக் காத்துக்கொண்டே அல்ஜீப்ராவை அழகழகாக எழுதிக்கொண்டிருந்தேன். மணியடித்துத் தாளை வாங்கிவிட்டார்கள். ஜியாமெட்ரி முழுக்க மனப்பாடம். ஒரு வரிகூட எழுதவில்லை.

வெளியே, கம்மாபுரத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து படித்த தோழி அழுதுகொண்டு நின்றாள்.

"சங்கு ஊதும் ஊதும்னு பாத்துகினே இருந்துட்டேன்டி!"

"விருத்தாசலம் வரைக்கும் கேக்குமாடி, மக்கு?" என்றேன், நான் என்னவோ எழுதிக் கிழித்தவள் மாதிரி.

இரண்டாம் தாளிலும் கோட்டைவிட்டால் இருவருக்கும் கல்லூரி கிடையாது. மறுநாள் அவள் எழுந்து நின்று கண்காணிப்பாளரிடம் கேட்டேவிட்டாள்.

"சார், பன்னண்டு ஆனா சொல்றீங்களா? நெய்வேலில எங்களுக்குச் சங்கு ஊதுமுங்க."

ஹாலே சிரித்தது. பன்னிரண்டு ஆனதும் அவர் மேசையை டஸ்டரால் ஓங்கித் தட்டினார்.

"நெய்வேலி, சங்கு ஊதியாச்சு!"

இருவரும் ஜியாமெட்ரிக்குத் தாவினோம்.

இப்போது கல்லூரியில் என் கையில் கடிகாரம் இருக்கிறது. பன்னிரண்டானால் காது என்னவோ அந்தச் சங்கைத்தான் தேடுகிறது.