இரண்டாம் வரிசையில் இருந்தவன்

என் தம்பி சங்கு குளிக்கிறவன். கம்ப்ரசரிலிருந்து காற்று வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போகிற வேலை. போன வருடம் அவசரமாக மேலே வந்தபோது படகிலேயே மூச்சு நின்றுவிட்டது. கூட இருந்தவர்கள் நெஞ்சை அமுக்கி மீட்டார்கள். ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்து இடது கால்தான் செயலிழந்துபோனது.

இப்படிக் கால் விளங்காமல் போனவர்கள் எங்கள் ஊர் தருவைகுளத்தில் பலர். அழுத்தக் காற்றுக்குள் வைத்து வைத்தியம் பார்க்கிற காற்றழுத்தச் சிகிச்சை அறை பக்கத்தில் இருந்தால் தம்பி கொஞ்சமாவது நடப்பான் என்று டாக்டர் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் நான். மனு எழுதத் தெரியும். அந்த அறை கேட்டுக் கலெக்டருக்கு எழுதி, அத்தனை பேரின் மருத்துவச் சீட்டையும் நகலெடுத்து இணைத்தேன். ஒருத்தரும் புரட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கடுப்பில் டீக்கடையில் ஒரு நிருபரிடம் தம்பி கதையைச் சொன்னேன். "படகிலேயே மூச்சு நின்னுட்டு" என்ற இடத்தில் அவருக்கு போன் வந்தது, எழுந்து போய்விட்டார். கூப்பிட்டு மீதியைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தப் பாதிக் கதை பேப்பரில் செய்தியாகி எனக்கு முன்பே கலெக்டர் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மனு கொடுத்தவர்களை அழைத்திருந்த கூட்டத்தில் ஓர் அதிகாரி கோப்பைத் திறந்து, "கடலில் மாண்ட சங்கு குளியாளர்" என்று வாசித்தார். குழாய் அறுந்ததாம். சங்கை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தானாம். நான் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. பெயர், ஊர், வயது மட்டும் அப்படியே தம்பியுடையது. இரண்டாம் வரிசையில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அவனே அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அவனும் ஊன்றி எழுந்து தலைகுனிந்து நின்றான்.

அறைக்கு ஒப்புதல் கிடைத்தது. எங்கள் சீட்டுகள் மேசையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. அதிகாரி இறங்கி வந்து தம்பியைக் காட்டி, "இவர் இறந்தவருக்கு என்ன வேணும்?" என்று என்னிடம் கேட்டார். உண்மையைச் சொன்னால் கோப்பை மூடிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"கூடப் பொறந்தவன், சார்."

அதிகாரி அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். தம்பி தலையாட்டினான்.

திரும்பும் பஸ் உப்பளம் தாண்டியது. நான் வெட்கத்தில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். தம்பி முழங்காலைத் தடவிக்கொண்டே மெல்லக் கேட்டான்.

"அண்ணே, அந்த ரூமத் தொறந்தா, நான் எந்தப் பேரச் சொல்லி உள்ள போக?"